ஆவரேந்தலில் பெய்த பிள்ளை

ஆவரேந்தல் பெண்கள் மழைச்சோறு வாங்கித் தின்றுவிட்டு, இனி இந்த ஊரில் எங்களுக்குப் பிழைப்பில்லை, போகிறோம் சாமி போகிறோம் என்று மாரில் அடித்துக்கொண்டு, தலைவிரி கோலமாக ஒப்பாரி வைத்தபடி ஊர் எல்லைக்கு நடந்து வந்த அந்தச் சித்திரை மாதத்துப் பகலில்தான், எதிரே புழுதியைக் கிளப்பிக்கொண்டு, நோய்ப்பட்ட பிள்ளைகளையும் அவர்களைப் பெற்றவர்களையும் ஏற்றிய பஸ் வந்து நின்றது. மழை பொய்த்த வருஷங்களில் வீடு வீடாகச் சோறு வாங்கி, ஒரே சட்டியில் கலந்து உண்டு, கண்ணீர் விட்டு, ஊரைக் காலி செய்யப்போவதாக வானத்தை மிரட்டுவது அந்தப் பக்கத்து வழக்கம். போகிறவர்களை வானம் கூப்பிட்டுத் திருப்ப வேண்டும். திருப்பாவிட்டால் வெட்கத்தோடு அவர்களே திரும்பிவிடுவார்கள். அந்தத் தடவை அவர்களைத் திருப்பியது பூவரசி.

பூவரசிக்கு எட்டு வயது. நடக்க மாட்டாள், பேச மாட்டாள், கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டாள். லட்சத்தில் ஒரு பிள்ளைக்கு வலிப்போடு சேர்ந்து வரும் மூளை நோய் என்று டாக்டர்கள் சொன்னார்கள். அதன் பெயர் யார் வாயிலும் நுழையாததால் அருப்புக்கோட்டையில் அவர்கள் தெருவில் எல்லாரும் 'வெட்டு' என்று சொல்லி முடித்துக்கொண்டார்கள். அவள் அம்மா சீனியம்மாள் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ்ஸின் கடைசிப் படியில் கால் வைத்தபோது பிள்ளையின் வலது கை விரல்கள் மடங்கத் தொடங்கின. சீனியம்மாள் பதறவில்லை, பதறி ஓய்ந்து பல வருஷம் ஆகியிருந்தது. சாலையோரத்தில் துண்டை விரித்து, பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலைக்கு அடியில் தன் உள்ளங்கையைக் கொடுத்தாள்.

விரல்கள் வெட்டி இழுக்க, கிழக்கே கண்மாய்க் கரையில் பொட்டுப் பொட்டாகத் தூறல் விழுந்தது. இழுப்பு தோளுக்கு ஏற, தூறல் கருவேலங்காட்டைத் தாண்டி ரோட்டுக்கு வந்தது. காலுக்கு இறங்கி, மறுபக்கத்தையும் பற்றிக்கொண்டு, பிள்ளையின் உடம்பு முழுக்க உதறியபோது ஆவரேந்தல் முழுக்க ஓடு அதிரக் கொட்டியது. பிறகு உதறல் தளர, மழையும் தளர்ந்து, வாயோரம் நுரை வழிய ஒரு பெருமூச்சு விட்டு அவள் தூங்கிப்போனபோது வானம் வெளுத்து வெயில் அடித்தது. ஒப்பாரியைப் பாதியில் விட்டுவிட்டு நின்ற பெண்களில் ஒருத்தி, "இரும்பக் குடுங்கடி, இரும்பக் குடுங்க" என்று ஓடிவந்து தன் இடுப்புச் சாவிக்கொத்தைப் பிள்ளையின் கையில் திணித்திருந்தாள். பஸ்ஸிலும் கல்யாண வீடுகளிலும் கடைத்தெருவிலும் பூவரசியின் கையில் இதுவரை திணிக்கப்பட்ட சாவிகளைச் சேர்த்து வைத்திருந்தால் ஒரு பஜாரையே பூட்டிவிடலாம். சீனியம்மாள் அதை எடுத்து, நல்ல வார்த்தை சொல்லித் திருப்பிக் கொடுத்தாள்.

சாவிக்காரியின் பெயர் மூக்கம்மா. அவள் நனைந்த தலையை முடிந்துகொண்டே பிள்ளையைப் பார்த்தாள், வானத்தைப் பார்த்தாள், மறுபடி பிள்ளையைப் பார்த்தாள். "கூப்பிட்டாச்சு, வாங்கடி வீட்டுக்கு" என்றாள். பெண்கள் குடம் எடுக்க ஓடினார்கள்.

அந்தக் கோடை முகாம் அங்கே வந்ததற்கு ஒரே காரணம், வேறு எங்கேயும் அதை வரவிடவில்லை என்பதுதான். நரம்பு டாக்டர் நவமணி, தன்னிடம் வரும் பிள்ளைகளையும் வீட்டுக்குள்ளேயே அடைபட்டுக் கிடக்கும் அவர்கள் அம்மா அப்பாக்களையும் ஒரு மாதமாவது ஒன்றாக இருக்க வைக்க வேண்டும் என்று மலைமேல் இருக்கும் விடுதிகளில் எல்லாம் கேட்டுப் பார்த்தார். இந்த மாதிரிப் பிள்ளைகள் வந்தால் மற்ற ஆட்கள் முகம் சுளிப்பார்கள் என்று மரியாதையாகச் சொல்லி அனுப்பினார்கள். கடைசியில் ஆவரேந்தலில் கோடை விடுமுறைக்குப் பூட்டிக் கிடந்த ஒரு பள்ளிக்கூட விடுதிதான் கிடைத்தது. குளிர்ச்சிக்குப் பதில் அனல் காற்று. ஆனால் கதவு திறந்தது.

முகாமில் ஒரு வழக்கம் தானாக ஏற்பட்டது. காலையிலும் சாயங்காலமும் பள்ளிக்கூடத்து மணியை அடிப்பார்கள். பெற்றவர்கள் எல்லாரும் வராந்தாவில் பிள்ளைகளை மடியில் வைத்து வரிசையாக உட்கார்ந்து, தேனில் குழைத்த மருந்தை ஒரே நேரத்தில் ஊட்டுவார்கள். வீட்டில் தன்னந்தனியாகப் போராடிச் செய்கிற காரியத்தைக் கூட்டமாகச் செய்வதில் ஒரு தெம்பு இருந்தது. "முழுங்கு சாமி, முழுங்கு" என்று இத்தனை குரல்கள் ஒன்றாகக் கேட்டால் எந்தப் பிள்ளைக்கும் துப்ப மனசு வராது. பிள்ளைகள் வாயைத் திறக்கும்போது பெற்றவர்கள் வாயும் திறந்துகொள்ளும். சீனியம்மாளுக்குப் பக்கத்தில் எப்போதும் ஜபருல்லா உட்காருவார், தேவகோட்டையில் தையல்கடை வைத்திருப்பவர். அவர் மகன் சலீமுக்குக் காலிலிருந்து மேல்நோக்கி நரம்பு செத்துக்கொண்டே வந்தது.

பூவரசிக்கு வெட்டு தினமும் வரும், சில நாள் பல தடவை வரும். அருப்புக்கோட்டையில் வெட்டு வந்து ஒரு துளியும் விழுந்ததில்லை; இங்கே ஒவ்வொரு தடவையும் விழுந்தது. ஊர் அதைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை, பழகிக்கொண்டது. கண் மட்டும் நிலைகுத்தி நிற்கிற சின்ன வெட்டுக்குப் பனி மாதிரி ஒரு நசநசப்பு, ஒரு கை இழுத்தால் ஒரு பக்கத்துத் தெருவுக்கு மட்டும் தூறல், உடம்பு முழுக்க வந்தால் ஊருணிக்கே தண்ணீர் என்று பிடித்துக்கொண்டார்கள். வடக்குத் தெருக்காரர்கள், பிள்ளைக்கு இடது பக்கம் ஏன் அதிகம் இழுப்பதில்லை என்று தங்களுக்குள் குறைபட்டுக்கொண்டார்கள். வடாம் போடுகிற பெண்கள் முதலில் விடுதி ஜன்னலை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். ரோட்டில் புளி காயப்போட்டிருந்த சின்னையா என்ற கிழவர் மட்டும் கோபமாக வந்து வாசலில் நின்றார்.

"ஏத்தா, உம்மகளுக்கு எப்ப வரும்னு முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லிவிட்டா நான் புளிய அள்ளி வச்சுருவேன்ல? ரெண்டு தடவ நனஞ்சு போச்சு."

"எனக்கே சொல்லிட்டு வராதுங்கய்யா" என்றாள் சீனியம்மாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். ஏன் வருகிறது, யார் செய்த பாவம், எந்தச் சாமி குத்தம் என்றெல்லாம் கேட்டவர்களைப் பார்த்திருக்கிறாள்; எப்போது வரும் என்று மட்டும் கேட்ட முதல் மனுஷர் அவர்தான்.

ஜபருல்லா கேலி செய்தார். "எம்மகனுக்கு ரெண்டு காலும் போயிருச்சு தங்கச்சி. அதுக்கு ஒரு காத்தாவது அடிக்கக்கூடாதா?" டாக்டர் நவமணியிடம் கேட்டால், "மழை என் படிப்புல வராதும்மா, வலிப்பு வரும், நான் அதைப் பாக்குறேன்" என்று சொல்லிவிட்டு மருந்தின் அளவைக் கணக்குப் பார்க்கப் போய்விடுவார்.

ஊர்க்காரர்கள் முட்டை கொண்டு வந்தார்கள், நுங்கு கொண்டு வந்தார்கள், பூவரசிக்குச் சிவப்பில் ஒரு பட்டுப்பாவாடை எடுத்து வந்தார்கள். முகாமில் சமையலுக்கு ஒத்தாசையாக வந்துகொண்டிருந்த மூக்கம்மா பிள்ளைக்குத் தினமும் திருநீறு பூசிவிட்டாள். கைக்குழந்தைக்காரிகள் குழந்தையைப் பூவரசியின் காலடியில் கிடத்தி எடுத்துப் போனார்கள். சீனியம்மாளுக்கு இதெல்லாம் பிடித்திருந்தது. அதை மறைத்துப் பேசி ஆகப்போவது ஒன்றுமில்லை, ரொம்பவே பிடித்திருந்தது. கொழுந்தன் கல்யாணத்தில் பிள்ளையோடு அவளைச் சாமான் அறைக்குள் உட்கார வைத்துக் கதவைச் சாத்தினார்கள்; பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் எழுந்து போனார்கள்; லாரி ஓட்டுகிற புருஷன்கூட ஊருக்கு வந்தால் மகளின் முகத்தை நேராகப் பார்ப்பதில்லை. எட்டு வருஷத்தில் யாரும் எங்கேயும் பூவரசி வேண்டும் என்று சொன்னதில்லை. இங்கே ஒரு ஊரே வேண்டும் என்றது.

இதற்கிடையில் தண்ணீர் லாரி நின்றுபோனது. தாலுகாவிலிருந்து வந்த அதிகாரிகள் ஊருணியில் தண்ணீர் கிடப்பதைப் பார்த்துவிட்டு, மழை பெய்கிற ஊருக்கு லாரி எதற்கு என்று அதை வேறு பக்கம் திருப்பிவிட்டார்கள். ஒரு பிள்ளையின் வலிப்பில் பெய்கிறது என்று அவர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள் என்பதால் யாரும் சொல்லவில்லை.

அப்போதுதான் டாக்டர் நவமணி கேட்டு வைத்திருந்த புது மருந்து வந்து சேர்ந்தது. பழைய மருந்தைக் குறைத்துப் புதியதைக் கூட்டிக்கொண்டே வந்தார். பூவரசிக்கு வெட்டு குறைந்தது, சுருங்கியது, நின்றது. ஒரு காலை மணிக்கு மருந்தை ஊட்டிவிட்டு வாயைத் துடைக்கும்போது, எட்டு வருஷமாகச் சுவரிடம் பேசுவதாகவே நினைத்துக்கொண்டு கூப்பிடுகிற பழக்கத்தில் சீனியம்மாள் "பூவு" என்றாள். பூவரசி தலையைத் திருப்பி அவளைப் பார்த்தாள். சும்மா கண் போன போக்கில் போனதல்ல. தேடி, கண்டுபிடித்து, நின்று பார்த்த பார்வை. பிறகு கையைத் தூக்கி அம்மாவின் மூக்குத்தியைப் பிடித்தாள்.

சீனியம்மாள் அழுத அழுகையில் வராந்தாவில் இருந்த அத்தனை பேரும் அழுதார்கள். அன்றைக்கு முழுக்க அவள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். முன்னால் நின்று கூப்பிட்டாள், பின்னால் நின்று கூப்பிட்டாள், தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு கூப்பிட்டாள். ஒவ்வொரு தடவையும் பிள்ளை திரும்பியது. ஜபருல்லா சாக்கலேட் வாங்கிவந்து எல்லாருக்கும் கொடுத்தார். வெளியே வானம் கழுவி விட்டதுபோல வெறிச்சோடிக் கிடந்தது.

ஊருணி வற்றி அடியில் சேறு தெரிந்தது. பிறகு சேறும் வெடித்தது. மூக்கம்மா முகாமுக்கு உதடு காய்ந்து வந்தாள். கீழக்கோட்டைக் கிணற்றுக்கு நடந்து போய் ஒரு குடம் கொண்டுவருவதற்குள் பாதிப் பகல் போய்விடுகிறது என்று சமையல்காரரிடம் சொன்னாள், சீனியம்மாளிடம் சொல்லவில்லை. ஊர்க்காரர்களும் கேட்கவில்லை. சாயங்காலங்களில் முன்போலவே முட்டையும் நுங்கும் கொண்டுவந்து வாசலில் நின்றார்கள். பூவரசி சிரிப்பதைப் பார்த்து, "நல்லாருக்குத்தா, நல்லாருக்கட்டும்" என்றார்கள். சொல்லிவிட்டுப் போகாமல் நின்றார்கள். போகும்போது ஒருவர் மட்டும் திரும்பி வானத்தைப் பார்ப்பார்.

அவர்கள் திட்டியிருந்தால் அவளும் திட்டியிருப்பாள். காலில் விழுந்து கேட்டிருந்தால் முடியாது என்று கதவைச் சாத்தியிருப்பாள். கேட்காமல் நின்றதுதான் அவளை அரித்தது. முட்டைக்காரர்கள் குறைந்த நாளில் அவளுக்கு நெஞ்சில் ஒரு பயம் புகுந்தது. நாளைக்கு யாருமே வராவிட்டால்? மறுபடியும் அந்தச் சாமான் அறைக்குள் போய் உட்கார வேண்டியதுதானா? ஒரே ஒரு தடவை, ஊருணி நிறைகிற அளவுக்கு ஒரே ஒரு வெட்டு, எத்தனையோ வெட்டைத் தாங்கிய பிள்ளை இன்னும் ஒன்றைத் தாங்காதா என்று அவள் மனசு கணக்குப் போட்டது. எட்டு வருஷமாக வலிப்போடு குடித்தனம் நடத்தியவளுக்குத்தான் அப்படி ஒரு துணிச்சல் வரும். புதிதாகப் பார்க்கிற யாரும் அந்த நினைப்புக்குப் பக்கத்தில்கூடப் போகமாட்டார்கள்.

அன்று சாயங்காலம் மணி அடித்ததும் வரிசையில் உட்கார்ந்து, மருந்தில்லாத வெறும் தேனைப் பூவரசிக்கு ஊட்டினாள். எல்லாரும் "முழுங்கு சாமி" என்றார்கள். பிள்ளை அவளையே பார்த்துக்கொண்டு நக்கி விழுங்கியது. மறுநாள் காலையிலும் அப்படியே செய்தாள்.

மத்தியானம் சாப்பாட்டுப் பந்தியில் பூவரசியின் விரல்கள் மடங்கின. சீனியம்மாள் பாயில் சாய்த்து, தலைக்குக் கை கொடுத்து, ஜன்னல் வழியே கிழக்கே பார்த்தாள். தூறல் வந்தது, தெருவில் கூச்சல் எழுந்தது, குடங்கள் கடகடவென்று உருண்டன. மழை ரோட்டைத் தொட்டது, ஓட்டில் இறங்கியது, சிறுவர்கள் அம்மணமாக ஓடி ஆடினார்கள். இனித் தளரும் என்று காத்திருந்தாள். தளரவில்லை. வழக்கமாகத் தளர்கிற இடத்தைத் தாண்டி உதறல் போய்க்கொண்டே இருந்தது. பிள்ளையின் உதடு நீலமானது. மழை நூல் நூலாக இருந்தது போய்ச் சுவராக நின்றது. டாக்டர் நவமணி ஓடிவந்து மூக்கில் மருந்தை அடித்தார், ஆக்சிஜன் வைத்தார், மறுபடி மருந்தை அடித்தார். "காலையில மருந்து குடுத்தீங்கல்ல சீனி?" என்று கேட்டார். சீனியம்மாள் பிள்ளையின் வாயோரத்து நுரையைத் துடைத்தாள். டாக்டர் அவள் முகத்தை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டு ஊசியைத் தேடினார்.

மூக்கம்மா நிறைந்த குடத்தோடு முற்றத்தில் சிரித்துக்கொண்டு நின்றவள், இத்தனை நேரம் மழை பெய்கிறதே என்று உள்ளே எட்டிப் பார்த்தாள். இதற்கு முன்னால் பிள்ளைக்கு வெட்டு வந்து அவள் பார்த்தது முதல் நாள் ரோட்டில் ஒரு தடவைதான். அதன்பிறகு ஊரில் எல்லாரும் மழையைத்தான் பார்த்தார்கள். இப்போது பார்த்தாள். பிள்ளையின் கண் மேலே செருகியிருந்தது, நாக்கு கடிபட்டு ரத்தம் வந்துகொண்டிருந்தது, திருநீறு பூசிய நெற்றி பாயில் இடித்து இடித்துச் சிவந்திருந்தது. மூக்கம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு முற்றத்துக்கு இறங்கி, தன் குடத்தை இரண்டு கையாலும் தூக்கி, அப்படியே தரையில் கவிழ்த்தாள்.

ஊசி இறங்கி, உதறல் மெல்ல மெல்ல விட்டபோது மழையும் விட்டது. பூவரசி மூச்சு விட்டாள். ஊருணி நிறைந்து படி தெரியாமல் கிடந்தது.

சீனியம்மாள் வராந்தாவில் வந்து உட்கார்ந்தாள். மூக்கம்மா ஈரத்தோடு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நான் மருந்து குடுக்கலக்கா" என்றாள் சீனியம்மாள். "நேத்தும் குடுக்கல, இன்னைக்கும் குடுக்கல. வெறுந்தேனக் குடுத்து எம்பிள்ளைய ஏமாத்திப்புட்டேன். என்னையப் பாத்துக்கிட்டே முழுங்குச்சுக்கா."

மூக்கம்மா ஈர முந்தானையைப் பிழிந்தாள்.

"ஒன்னைய மட்டும் சொல்லி என்னத்தா செய்ய? நாங்க வாயத் தொறந்து கேக்கலதான். ஆனா தெனமும் முட்டையும் நுங்குமா வந்து வாசல்ல நின்னோம்ல, அது கேட்டதுதான. எனக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். தெரிஞ்சுதான் நின்னோம்."

"இனிமே ஒரு வேள தப்பாமக் குடுப்பேன்."

"குடு. நாங்க கீழக்கோட்டைக்கு நடந்துக்கிருவோம். காலு இருக்குல்ல."

மூக்கம்மா தெருவுக்குப் போய் என்ன பேசினாள் என்று சீனியம்மாளுக்குத் தெரியாது. அன்று சாயங்காலம் வாசலுக்கு யாரும் வரவில்லை. நிறைந்த ஊருணியில் யாரும் குடம் முக்கவுமில்லை; மாடுகளைக்கூடக் கரையிலிருந்து ஓட்டிப் போனார்கள். தண்ணீர் வெயிலில் கிடந்து காய்ந்தது.

பூவரசி கண் திறந்தாள், பால் குடித்தாள். ஆனால் கூப்பிட்டால் திரும்பவில்லை. சீனியம்மாள் முன்னால் நின்று கூப்பிட்டாள், பின்னால் நின்று கூப்பிட்டாள், மூக்குத்தியைக் கழற்றிக் கண் முன்னால் பிடித்துக் கூப்பிட்டாள். திரும்ப வரலாம், வராமலும் போகலாம், மருந்தை விடாமல் கொடுங்கள் என்று டாக்டர் நவமணி சொன்னார். அவர் திட்டவில்லை. மணி அடிக்கும்போது ஜபருல்லா மருந்துப் புட்டியை வாங்கிப் பார்த்து, அளவு சரிதான் என்று தலையாட்டிவிட்டுத் திருப்பிக் கொடுப்பார். அதில் அவளுக்குக் கோபம் வரவில்லை. அவளே அவரிடம் நீட்டினாள்.

முகாம் முடிந்து பஸ் கிளம்பியது. கீழக்கோட்டை ரோட்டில் பாதித் தூரம் போயிருக்கும், எதிரே ஆவரேந்தல் பெண்கள் தண்ணீர் எடுத்துக்கொண்டு வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள், தலையில் ஒன்று இடுப்பில் ஒன்று என்று, தளும்பாமல் பார்த்துப் பார்த்து அடி வைத்து. சின்னையா சைக்கிளில் நான்கு குடங்களைக் கட்டித் தள்ளிக்கொண்டு வந்தார். அப்போது சீனியம்மாளின் மடியில் பூவரசியின் விரல்கள் மடங்கின. மருந்து கொடுத்திருந்தாள், ஜபருல்லா பார்த்திருந்தார். என்றாலும் கொடுத்த மருந்தையும் மீறி வருகிற நோய் அது. டிரைவர் பஸ்ஸை ஓரங்கட்டினார். சீனியம்மாள் பிள்ளையைப் பஸ்ஸின் தரையில் ஒருக்களித்துக் கிடத்தினாள்.

முதல் துளி ரோட்டில் விழுந்ததும் பெண்கள் நின்றார்கள். தலையிலும் இடுப்பிலும் இருந்த குடங்களை இறக்கித் தரையில் வைத்து, ஒரு குடத்தின் வாயை ஒரு உள்ளங்கையாலும் மறு குடத்தின் வாயை மறு உள்ளங்கையாலும் மூடிக்கொண்டு, அந்த மழையில் ஒரு சொட்டுக்கூட உள்ளே விழாதபடி குனிந்து நின்றார்கள். சின்னையா வேட்டியை அவிழ்த்து நான்கு குடங்களின் மேலும் போர்த்திவிட்டு, கோவணத்தோடு சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். மழை அவர்கள் முதுகில் விழுந்து வழிந்தது. கைக்குழந்தைக்காரி ஒருத்தி நாக்கு வறண்டு உதட்டை நக்கப் போனவள், வாயை இறுக்க மூடிக்கொண்டாள். பிள்ளை உதறி முடிக்கிற வரைக்கும் அவர்கள் அப்படியே நின்றார்கள்.

சீனியம்மாள் திறந்திருந்த பஸ் கதவு வழியாக அதைப் பார்த்தாள். பிள்ளை தூங்கியது, மழை விட்டது, பெண்கள் ஒருத்திக்கொருத்தி குடத்தைத் தூக்கி விட்டார்கள். மூக்கம்மா மட்டும் பஸ் படியில் ஏறி வந்து, ஈரக் கையை எங்கே துடைப்பது என்று தெரியாமல் சீட்டில் துடைத்துவிட்டு, பூவரசியின் கன்னத்தைத் தொட்டாள்.

"ரொம்ப வலிச்சுருச்சா ஆத்தா?" என்று பிள்ளையிடம்தான் கேட்டாள்.